கடைசி நேர அவஸ்தைக்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்?

வணக்கம். சென்னையில் நோயாளியை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பவர்களுக்காக ஒரு கையேடு எழுதுகிறோம். சாவுக்கு முந்தைய தவிப்பை மக்கள் சொல்லும் சொற்கள் வேண்டும்.

‘மேல்மூச்சு வாங்குது’, ‘உயிர் ஊசலாடுது’, இஸ்லாமியர் வீடுகளில் ‘சக்ராத்’ எல்லாம் கைவசம் உள்ளன. ‘இழுக்குது’தான் சிக்கல். சிலருக்கு அது வலிப்பு, சிலருக்கு மூச்சுத்திணறல். போனில் கேட்கும் நர்ஸ் தவறாகப் புரிந்துகொண்டால் மருந்தே மாறிவிடும். அதனால் அறிகுறியையும் சேர்த்து எழுதுங்கள்: மூச்சு 10, 20 விநாடி நின்று திரும்புவதா, கைகால் சில்லிடுவதா, பிதற்றலா?

மிகவும் தேவை, தொண்டையில் கேட்கும் கறகறப்புக்கான சொல். விழுங்க முடியாமல் எச்சிலும் சளியும் தேங்குவதுதான் காரணம். கேட்பவர்கள்தான் பதறுவார்கள், நினைவிழந்தவருக்குப் பெரும்பாலும் அந்த வேதனை இருக்காது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைச் சற்று உயர்த்தினால் பலருக்குக் குறையும். அந்த நேரத்தில் பால் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், தயவுசெய்து வேண்டாம். ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தால் போதும்.

காசிமேடு, ராயபுரம், திருவல்லிக்கேணி பக்கம் இருப்பவர்கள், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பகுதியின் பெயரோடு எழுதுங்கள்.