மறு: ஹப்புக்குள் இருக்கும் கியருக்கு என்ன பெயர்?

வணக்கம் ஐயா,

கியர்கள் எல்லாம் உள்ளேயே அடங்கிய சைக்கிள் பின்சக்கர ஹப்புக்கு (internal gear hub) நீங்கள் தந்த பெயர் 'உட்பல்லிணைக் குடம்'; பல்லிணை என்றால் கியர். இதில் குடம் எனக்கு முழுச் சம்மதம். மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் வந்து சேரும் நடுக்கட்டைக்கு அதுதான் பெயர். சைக்கிள் ஹப்புக்கும் அதே வேலைதான்.

சிக்கல் 'உட்பல்'லில் இருக்கிறது. வளையத்தின் உட்புறம் பல் வெட்டிய சக்கரத்துக்கு அந்தச் சொல் வேண்டும். இந்த ஹப்பைத் திறந்தால் அப்படி ஒரு வளையமே உள்ளே உட்கார்ந்திருக்கிறது! நடுவில் அச்சோடு அசையாமல் நிற்கும் சூரியச் சக்கரம், அதைச் சுற்றிவரும் கோள் சக்கரங்கள், அவற்றைச் சூழ்ந்து உட்பல் வளையம். கோள்களைத் தாங்கும் கூட்டைச் சங்கிலி சுழற்றினால் வளையம் அதைவிட வேகமாகச் சுழலும். வளையத்தைச் சுழற்றினால் கூடு மெதுவாகச் சுழலும். இரண்டும் இல்லாமல் நேரே போனால் நடு கியர். ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் பழைய ஏ.டபிள்யூ. ஹப் இப்படித்தான், சங்கிலி சுழற்றும் வேகத்தில் 75, 100, 133 விழுக்காடு என்று மூன்று கியர் தருகிறது. உறுப்புக்கும் முழுப் பொருளுக்கும் ஒரே பெயர் வைத்தால் விளக்கம் எழுதவே முடியாது.

அப்புறம், இந்தச் சொல் முன்னால் ஓர் எண்ணைத் தாங்க வேண்டும். நெதர்லாந்தில் தினசரி ஓட்ட வண்டி வாங்குகிறவர் முதலில் யோசிப்பது 'கியர் மூன்றா, ஏழா, எட்டா' என்றுதான். சமதள ஊருக்கு மூன்று போதும். எதிர்காற்று, பாலம், முன்பெட்டியில் குழந்தை என்றால் எட்டு நல்லது. ஷிமானோ நிறுவனத்தின் நெக்ஸஸ் ஹப்பில் மூன்றின் வீச்சு, அதாவது கீழ்க் கியரோடு ஒப்பிட்டால் உச்ச கியர், 186 விழுக்காடு; எட்டின் வீச்சு 307.

இந்தச் சோதனையில் 'பற்குடம்' தோற்கிறது: எட்டுப் பற்குடம் என்றால் எட்டே பல்லா? பிரித்து 'பல்குடம்' என்று எழுதினால் ஒரு கால் கூடி முருகன் கோயிலுக்குப் போய்விடும். நானே ஆசையாக வைத்திருந்தது 'படிக்குடம்'. எட்டுப்படிக் குடம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், தண்ணீர் பிடிக்கவா என்றார்கள். சரி, அதுவும் போயிற்று.

ஆகவே என் ஓட்டு 'கியர்க்குடம்'. மூன்று கியர்க்குடம், எட்டு கியர்க்குடம். கியர் தமிழாகிப் பல காலம் ஆயிற்று. பல்லிணை பாடநூலில் இருக்கட்டும்.

உங்கள் விளக்கத்தில் ஒன்றைச் சேருங்கள்: சிக்னலில் நின்றபடியே இதில் கியர் மாற்றலாம். சங்கிலி ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வெளிக் கியரில் (derailleur) மிதித்தால்தான் சங்கிலி நகரும்.

இன்னொரு சொல்லும் பாக்கி. ஏ.டபிள்யூ.வில் கேபிள் சரியாக அமையாவிட்டால் 2க்கும் 3க்கும் நடுவே மிதி பிடிமானமில்லாமல் சுற்றும். 'வெறுமிதி' எனலாமா?