முனிச் 1938: செக்கோஸ்லோவாக்கியா ஏன் சண்டை போடவில்லை?

மலர்_டீச்சர்

வணக்கம். பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். நேற்று முனிச் ஒப்பந்தம் நடத்தினேன். ஹிட்லர், முசோலினி, பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின், பிரெஞ்சுப் பிரதமர் தலாதியே நாலு பேரும் உட்கார்ந்து பேசி, செக்கோஸ்லோவாக்கியாவில் ஜெர்மன் பேசுவோர் அதிகம் இருந்த எல்லைப் பகுதியான சுடேட்டனை ஜெர்மனிக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மிஸ், அது அவங்க ஊரு. அவங்க ஏன் சும்மா விட்டாங்க?" என்றாள். பிரிட்டனும் பிரான்சும் கைவிட்டுவிட்டன என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் ராத்திரி முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. ராணுவம் இருந்தது, எல்லைக் கோட்டைகள் இருந்தன, ஸ்கோடா ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. அப்புறம் ஏன்? வெள்ளிக்கிழமை அவளுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும்.

பழைய_பேப்பர்

டீச்சர், முதலில் சேம்பர்லின் பக்கம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போர் முடிந்து 20 வருடம்கூட ஆகவில்லை. அந்த செப்டம்பரில் லண்டன் பூங்காக்களில் பதுங்குகுழி வெட்டினார்கள். நாடு முழுக்க சுமார் 3.8 கோடி வாயு முகமூடிகள் கொடுத்தார்கள். 69 வயது மனிதர் ஒரே மாதத்தில் மூன்று தடவை ஜெர்மனிக்குப் பறந்தார். ஒப்பந்தத்தோடு திரும்பியபோது ஜனங்கள் தெருவில் நின்று ஆரவாரம் செய்தார்கள். ராடாரும் ஸ்பிட்பயர் போர் விமானமும் தயாராக, ஒப்பந்தத்தால் கிடைத்த அந்த ஒரு வருடம் உதவியது. அவரைக் கோழை என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

பிர்னோ_வாசி

நான் செக் நாட்டில், பிர்னோவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். இங்கே இதை முனிச் ஒப்பந்தம் என்று சொல்வதைவிட "முனிச் துரோகம்" என்றுதான் அதிகம் சொல்கிறார்கள். "எங்களைப் பற்றி, நாங்கள் இல்லாமல்" என்பது இன்னொரு சொல். அது அப்படியே நடந்தது. பிராகிலிருந்து மஸ்த்னி, மசார்ஜிக் என்று இரண்டு பேர் போனார்கள். அவர்களைக் கூட்டத்துக்குள் விடவில்லை. ஜெர்மன் ரகசியப் போலீசான கெஸ்டாபோ காரில் ஏற்றிக் கொண்டுபோய் ஹோட்டல் அறையில் உட்கார வைத்தது. நள்ளிரவு தாண்டி, எல்லாம் முடிந்த பிறகு கூப்பிட்டு வரைபடத்தைக் கையில் கொடுத்தார்கள். பதில்கூட எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். சேம்பர்லின் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார் என்று மசார்ஜிக் தன் அறிக்கையில் எழுதினார். அதைப் படித்த நாளிலிருந்து என்னால் சேம்பர்லினை மன்னிக்க முடியவில்லை.

சண்டைக்குத் தயாராக இல்லை என்பது சரியல்ல. செப்டம்பர் 23 அன்று முழுப் படைத்திரட்டல் அறிவித்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் ஆட்கள் திரண்டார்கள். தளபதிகள் அதிபர் பெனெஷிடம் நேரில் போய், சண்டை போடுவோம் என்று மன்றாடினார்கள்.

ஆனால் பெனெஷ் நிலைமையைப் பாருங்கள். செப்டம்பர் 21 அதிகாலை 2 மணிக்கு பிரிட்டிஷ், பிரெஞ்சுத் தூதர்கள் வந்து, நிலத்தைக் கொடுக்க மறுத்தால் நீங்கள் தனியாகத்தான் நிற்க வேண்டும் என்று சொன்னார்கள். பிரான்ஸ், உடன்படிக்கை போட்ட கூட்டாளி! சோவியத் ஒப்பந்தமும் பிரான்ஸ் இறங்கினால்தான் செல்லும். அவர்களோடு பொது எல்லையும் இல்லை. போலந்து தெஷின் பகுதிக்குக் காத்திருந்தது, ஹங்கேரி இன்னொரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேல் ஆஸ்திரியா. மார்ச்சில் ஹிட்லர் அதை விழுங்கியதும் தெற்கு எல்லையும் ஜெர்மன் எல்லை ஆகிவிட்டது. வடக்கே கட்டிய அளவுக்குப் பெரிய கோட்டைகள் தெற்கே கிடையாது.

பெரிய போர் எப்படியும் வரும், அதுவரை ஜனங்களைக் காப்பாற்றி வைப்போம் என்று பெனெஷ் நினைத்தார். அது சரியா என்று இங்கே இன்னும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. என் பக்கத்து வீட்டுத் தாத்தா, சுட்டிருக்க வேண்டும் என்பார். அவர் மனைவி, சுட்டிருந்தால் நீ பிறந்திருக்கவே மாட்டாய் என்பார்.

பழைய_பேப்பர் அண்ணா, அந்த ஒரு வருடம் ஹிட்லருக்கும்தானே கிடைத்தது? 1939 மார்ச் 15 அன்று பிராகில் நுழைந்தபோது ஒரு முழு ராணுவத்தின் ஆயுதங்கள் அவர் கைக்குப் போயின. 1940இல் ஜெர்மன் தளபதி ரோம்மெல் பிரான்சுக்குள் ஓட்டிப்போன டாங்கிகளில் நிறைய செக் நாட்டில் செய்தவை.

பழைய_பேப்பர்

டாங்கி விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். நான் கணக்கில் வைக்காத பக்கம் அது.

மலர்_டீச்சர்

இரண்டு பேருக்கும் நன்றி. தூதர்கள் வந்த அந்த அதிகாலையிலிருந்தே பாடத்தை ஆரம்பிக்கப் போகிறேன். அந்தக் கோட்டைகள் இன்னும் இருக்கின்றனவா? படம் கிடைத்தால் வகுப்பில் காட்டலாம்.

பிர்னோ_வாசி

தாராளமாக. சின்னக் காங்கிரீட் பதுங்கரண்கள், ரோபிக் என்பார்கள், சுமார் 10,000 கட்டினார்கள். தெற்கே வயல் நடுவில் இன்னும் நிறைய நிற்கின்றன. எதிரி வரும் பக்கம் வெறும் கனத்த சுவர்தான். துப்பாக்கித் துளைகள் இரண்டு பக்கவாட்டிலும் இருக்கும். ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதைக் காக்கும்படிதான் கட்டியிருக்கிறார்கள். நாளைக்கு சைக்கிளில் போய்ப் பக்கவாட்டிலிருந்து எடுத்து அனுப்புகிறேன், அப்போதுதான் துளை தெரியும்.