பாங்காக்கில் நள்ளிரவுக்கு மேல் அறைக்குத் திரும்புவது எப்படி?

வணக்கம். அடுத்த மாதம் நானும் தங்கையும் பாங்காக் போகிறோம், நான்கு இரவு. அறை சுகும்வித்தில், அசோக் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். சைனாடவுன் பகுதியான யாவரட்டின் தெருக்கடைகளில் வயிறார சாப்பிட வேண்டும், ஒரு மொட்டைமாடி பாரில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

பிடிஎஸ் என்கிற மேம்பால நகர ரயில் நள்ளிரவோடு நின்றுவிடும். அப்புறம் ஆப்பில் கூப்பிடும் கிராப் காரை நம்பலாமா, இல்லை மீட்டர் போட மறுக்கும் டாக்சியோடு மல்லுக்கட்ட வேண்டுமா? இரவு பார்கள் நிறைந்த பட்போங்கில் மாடிக்குக் கூட்டிப்போய் பெரிய பில்லாக நீட்டுவார்கள் என்று தெரியும், அந்தப் பக்கமே போவதாக இல்லை. சுற்றுலா போலீஸ் எண் 1155ஐ போனில் ஏற்றியாகிவிட்டது.

பெண்கள் மட்டும் போய் வந்தவர்கள் யாராவது, பேக்பேக்கர்கள் கூடும் காவ் சான் சாலை இரவில் எப்படி, பாஸ்போர்ட்டை அறையிலேயே விட்டுவிட்டுப் போகலாமா என்று சொல்லுங்களேன். அம்மாவிடம் மொட்டைமாடி விஷயம் இன்னும் சொல்லவில்லை.