பொறி மூடியிருக்கிறது, உள்ளே வெள்ளெலி இல்லை

கரட்டுமேடு: அரூர்ப் பக்கம் மானாவாரி நிலத்தில், வெள்ளெலி (வளையில் வாழும் ஜெர்பில் வகை எலி) இரவில் எவ்வளவு தூரம் சுற்றுகிறது என்று முதுகலை ஆய்வுக்காகப் பார்க்கிறேன். 10 மீட்டர் இடைவெளியில் 7-க்கு 7 வரிசை, சிறிய ஷெர்மன் பொறி (எலியை உயிரோடு பிடிக்கும் தகட்டுப் பெட்டி). இரை வறுத்த நிலக்கடலை. விடியற்காலையில் போனால் பல பொறிகளின் கதவு மூடியிருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. காற்றடித்து மூடிக்கொள்ளுமா? காதில் குறியிட்டு விட்டவை மறுபடி சிக்குவதும் ஓரத்துப் பொறிகளில்தான். நிலத்துக்காரர் அனுமதியும் கல்லூரி நெறிக்குழு அனுமதியும் இருக்கின்றன.

மானாவாரி: காற்றின் மேல் பழி போடும் முன் கதவு விளிம்பைப் பாருங்கள். முடி ஒட்டியிருக்கிறதா?

கரட்டுமேடு: சில கதவுகளில் நீளமான கறுப்பு முடி இருக்கிறது. அவற்றில் கடலையும் இல்லை. மற்றவற்றில் ஒரே எறும்பு.

மானாவாரி: அது வால்நுனிக் குஞ்சத்து முடி. வெள்ளெலிக்கு உடம்பைவிட வால் நீளம். பொறி குட்டை என்பதால் வால் உள்ளே வருமுன் கதவு மூடிக்கொள்கிறது. அந்த இடுக்கில் நெம்பிப் பின்னால் வந்துவிடும். பெரிய பொறிக்கு மாறுங்கள். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், தோல் உரிந்து கையோடு வந்துவிடும். எறும்புக்கு மருந்துத் தூள் தூவச் சொல்பவர்கள் உண்டு. எலியும் அதை நக்கும், வேண்டாம். இருட்டும் நேரத்தில் இரை வைத்தாலே எறும்புத் தொல்லை குறையும்.

சாமைக்கொல்லை: எனக்கென்னவோ ஓரத்து விஷயம்தான் பெரிதாகப் படுகிறது. உங்கள் கட்டம் பக்கத்துக்கு 60 மீட்டர். அதைத் தாண்டி எலி எங்கே போனாலும் பொறிக்குத் தெரியாது. சிக்கிய புள்ளிகளை இணைத்துப் பரப்பு கண்டால், பொறி வரிசை முடிகிற இடத்திலேயே எலியின் எல்லையும் முடிந்ததாகக் கணக்கு சொல்லும். கட்டத்தை அகலப்படுத்துங்கள். சிலவற்றின் முதுகில், முகத்தில் படாமல், ஒளிரும் தூளைத் தடவி விடுங்கள். மறுநாள் இரவு புற ஊதா விளக்கோடு போனால் புல்லிலும் சருகிலும் தடம் வளை வரை தெரியும். நிலவு நாளையும் குறித்து வையுங்கள். நல்ல வெளிச்சத்தில் வெட்டவெளிக்கு வரத் தயங்கும். பக்கத்தில் கேழ்வரகுக் கொல்லை உண்டா?

கரட்டுமேடு: கிழக்கே இருக்கிறது, அறுவடை முடிந்துவிட்டது. ஓரத்தில் சிக்குவதும் அந்தப் பக்கமே அதிகம்!

சாமைக்கொல்லை: அப்படியென்றால் கட்டத்தைக் கிழக்கே நீட்டுங்கள்.

கரட்டுமேடு: நன்றி. பகலில் பொறியைத் திறந்தே விடலாமா?

மானாவாரி: மூடிவிடுங்கள். வெயில் ஏறினால் அலுமினியத் தகடு அடுப்பாகக் கொதிக்கும். பகலில் புகுவதும் ஓணானும் அணிலும்தான்.