ஆட்டிசம் உள்ளவருக்கு அக்கவுண்ட்ஸ் வேலை: எதைத் தேடுவது, எப்படிக் கேட்பது?

வைகைக்கரை:

வணக்கம். வயது 26, மதுரை, பி.காம். எனக்கு ஆட்டிசம் என்பது பெரியவனான பிறகுதான் உறுதியானது. மனநல மருத்துவரின் ரிப்போர்ட் இருக்கிறது, மாற்றுத்திறனாளி அட்டை வாங்கவில்லை. டேலி (கணக்கு மென்பொருள்), எக்செல் இரண்டும் நன்றாக வரும். நீளமான பட்டியலில் ஒரு எண் தப்பாக இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். போன் பேசுவது, இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசுவதைக் கவனிப்பது, "அதையும் கொஞ்சம் பாத்துடுங்க" என்று எதை, எப்போதைக்குள் என்று சொல்லாமல் தரும் வேலை, இவை மூன்றும் முடியாது. இன்டர்வியூவில் "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றதும் பேச்சு நின்றுவிடுகிறது.

எந்த மாதிரி இடத்தில் தேடலாம்? ஆட்டிசம் என்று முன்பே சொல்ல வேண்டுமா? அட்டை வாங்கினால் தனியார் வேலைக்குப் பயன் உண்டா? வீட்டில் அரசுத் தேர்வு எழுதச் சொல்கிறார்கள், அது பற்றியும் சொன்னால் நல்லது.

பேரேடு:

தம்பி, "அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்" என்ற பெயரைப் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள். அதே பெயரில் ஒரு கடையில் கவுண்டரில் நிற்க வைத்துப் போனும் எடுக்கச் சொல்வார்கள். ஒரு நூற்பாலையில் நாள் முழுக்க பில் என்ட்ரி மட்டுமே இருக்கும்.

உங்கள் கண்ணுக்கு ஏற்ற ஒரு வேலையைக் குறிப்பாகச் சொல்கிறேன்: கொள்முதல் பதிவேட்டை ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு (ஜிஎஸ்டி இணையதளம் மாதாமாதம் தரும் கொள்முதல் பில் பட்டியல்) ஒப்பிடுவது. சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்கள் ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி 2பி-யில் வந்துவிடும். டேலியில் நாம் பதிந்த பில்களோடு அதை வரி வரியாகப் பொருத்த வேண்டும். பொருந்தாமல் போகும் காரணங்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவை. பில் எண்ணை அவர்கள் 007/24-25 என்று போட்டிருப்பார்கள், நம் ஆள் 7 என்று அடித்திருப்பார். ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கும். வெளிமாநில பில்லில் ஐஜிஎஸ்டிக்குப் பதிலாக சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று உள்மாநில வரிகளாகப் பிரித்துப் பதிந்திருப்பார்கள். அல்லது சப்ளையர் தாமதமாகத் தாக்கல் செய்ததால் அந்த பில் அடுத்த மாத 2பி-க்குப் போயிருக்கும். இதைத் தவறவிட்டால் உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழிப்பது) போய்விடும், அதாவது நேரடிப் பண நஷ்டம். அதனால் இதை ஒழுங்காகச் செய்பவருக்கு மதிப்பு உண்டு.

சிக்கல் எங்கே என்றால், பொருந்தாத பில்லுக்காக சப்ளையரைக் கூப்பிட வேண்டியிருக்கும். அதை மட்டும் பிரித்துவிடுங்கள். சப்ளையர் பெயர், பில் எண், தொகை, என்ன குறை என்று நான்கு நெடுவரிசையில் ஷீட் போட்டு நீங்கள் தருவீர்கள், போனை வேறொருவர் பார்த்துக்கொள்வார். இந்த ஏற்பாட்டை வேலையில் சேருமுன்பே பேசி முடிக்க வேண்டும்.

ஆடிட்டர் ஆபீஸா, கம்பெனியா என்றால் உங்களுக்குக் கம்பெனிதான். ஆடிட்டர் ஆபீஸில் பல வாடிக்கையாளர்களின் கணக்கு ஒரே நாளில் மாறி மாறி வரும், ஒவ்வொருவர் பழக்கமும் வேறு. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20-ஆம் தேதி 3பி (வரி கட்டும் படிவம்) கடைசி நாள் என்பதால் அந்த நாட்களை ஒட்டி எல்லோரும் பதற்றத்தில் இருப்பார்கள். கம்பெனியில் ஒரே கணக்குப் புத்தகம், பெரும்பாலும் அதே சப்ளையர்கள். அங்கேயும் 14-க்கும் 20-க்கும் நடுவே நெருக்கடி உண்டு, ஆனால் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும் என்பதால் அந்த வாரத்தில் வேறு எதையும் வைத்துக்கொள்ளாமல் இருக்கலாம்.

முடிவு செய்யுமுன் அலுவலகத்தை ஒரு வேலைநாளில் காலை 11 மணிவாக்கில் போய்ப் பாருங்கள். சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு பார்த்தால் எதுவும் தெரியாது. உட்காரும் இடம் நடைபாதையை ஒட்டியா, சுவரை ஒட்டியா, டியூப்லைட் மினுக்குகிறதா, ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, இவற்றையெல்லாம் பாருங்கள். எத்தனை பேர் உங்களுக்கு வேலை சொல்வார்கள் என்பதையும் கேளுங்கள். "எல்லாரும்தான்" என்று பதில் வந்தால் யோசிக்க வேண்டிய இடம்.

கயல்:

வைகைக்கரை, இன்டர்வியூவுக்கு வருகிறேன். உங்களால் வேலை செய்ய முடியும், வேலையைப் பற்றிப் பேசுவதுதான் கடினம். அப்படியானால் பேச்சுக்குப் பதிலாக வேலையைக் காட்டக் கேளுங்கள். அழைப்பு வந்ததும் இந்த மாதிரி ஒரு மெயில் போதும்:

"ஐயா, அழைப்புக்கு நன்றி. எனக்கு ஆட்டிசம் உள்ளது. நேரில் திடீரென்று கேட்கும் பொதுவான கேள்விகளுக்குப் பதில் சொல்ல எனக்கு அதிக நேரம் ஆகும். கேள்விகளை ஒரு நாள் முன்பு எழுத்தில் தந்தால் தெளிவாகப் பதில் தருவேன். டேலியில் ஒரு மாதிரிப் பணி கொடுத்து என் வேலையைப் பார்க்கவும் வேண்டுகிறேன்."

இதற்கு மேல் ஆட்டிசத்தை விளக்க வேண்டாம். பெயரை மட்டும் சொல்லிவிட்டு என்ன தேவை என்று சொல்லாமல் விட்டால் எதிரில் இருப்பவர் தனக்குத் தெரிந்த எதையாவது கற்பனை செய்துகொள்வார். பக்கம் பக்கமாக எழுதினால் பயந்துவிடுவார். மாதிரிப் பணி அரை நாளுக்கு மேல் போனால் சம்பளம் கேளுங்கள். "ஒரு வாரம் சும்மா வந்து செய்யுங்க, பார்ப்போம்" என்பவர்களிடம் வேண்டாம்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்ற கேள்வி எப்படியும் வரும். நான்கு வாக்கியம் எழுதி மனப்பாடம் செய்யுங்கள்: என்ன படித்தேன், எந்த மென்பொருள் தெரியும், எந்த வேலையை எந்த அளவுக்குச் செய்வேன், இங்கே எந்த வேலைக்கு வந்திருக்கிறேன். ஐந்தாவது வாக்கியம் தேவையில்லை.

நம் ஊரில் இன்னொரு வழியும் உண்டு, அதில்தான் அதிகம் கெடுகிறது. சின்ன நிறுவனங்களில் வேலை மாமா, சித்தப்பா சொல்லித்தான் கிடைக்கும். அவர்கள் நல்ல மனதோடு "பையன் கொஞ்சம் அப்படித்தான், நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வரியில் சம்பளம் இறங்கும், வேலை தயவாக மாறும், பிறகு எதையும் கேட்க முடியாது. சிபாரிசு செய்பவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதியே கொடுங்கள்: "டேலி நல்லாத் தெரியும், கணக்கில் தப்பு விடமாட்டான், வேலையை எழுதிக் கொடுத்தால் போதும்."

சேர்ந்ததும் ஒரே நேரத்தில் பத்து மாற்றம் கேட்காதீர்கள். உங்கள் விஷயத்தில் நான்கு போதும்: ஒரே ஆளிடமிருந்து வேலை, அது வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தில், போன் கிடையாது, வாரம் ஒரு முறை குறித்த நேரத்தில் 15 நிமிடம் வேலை பற்றிய பேச்சு. எழுத்தில் வரும் வேலையிலும் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எப்போதைக்குள், எதற்கு முன்னுரிமை, முடிந்த வேலை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி. யாராவது வாயால் சொன்னால், "சரி, இதை எழுதி அனுப்புகிறேன், சரியா என்று பாருங்கள்" என்று நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள். சண்டை இல்லாமல் வழக்கமாகிவிடும்.

வாராந்தரப் பேச்சை விட்டுவிடாதீர்கள். நன்றாக வேலை செய்பவரிடம் மெல்ல மெல்ல வேறு வேலைகளும் வந்து சேரும்: ஒரு நாள் ரிசப்ஷன், ஒரு நாள் கூரியர். நீங்களோ இயல்பாக இருப்பதுபோல் காட்டிக்கொள்வதிலேயே பாதிச் சக்தியைச் செலவழித்திருப்பீர்கள். பல பேர் சில மாதம் நன்றாகப் போய்த் திடீரென்று ஒரு நாள் வேலைக்கே போக முடியாமல் நிற்பது இதனால்தான். தூக்கம் குறைவது, சாப்பாடு பிடிக்காமல் போவது, பழகிய சத்தம்கூடத் தாங்க முடியாமல் போவது, இவை வந்தால் அந்த வாரமே பேச வேண்டும்.

சட்டப்பிரிவு:

கயல் அக்கா சொன்ன மெயில் நல்லது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: வேலை கிடைத்ததும் அந்த நான்கு ஏற்பாட்டையும் ஹெச்ஆருக்கு மெயிலாக அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்ட மேலாளர் மாறிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இல் உள்ள 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. தனியாரில் இட ஒதுக்கீடு கிடையாது. ஆனால் பிரிவு 21-இன்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கு எந்தப் பணிகள், அவர்களுக்கான தொடர்பு அலுவலர் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. விண்ணப்பிக்கும் முன் அவர்கள் வெப்சைட்டில் அது இருக்கிறதா என்று தேடுங்கள். தேவையான, நிறுவனத்துக்கு மிகையான சுமை ஆகாத ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடு என்றே சட்டத்தின் வரையறை இருக்கிறது.

அட்டைக்கு யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இணையதளத்தில் பதிய வேண்டும். மருத்துவக் குழு எந்தக் கிழமை எங்கே கூடுகிறது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். ஆட்டிசத்தை ஐஎஸ்ஏஏ என்ற அளவுகோலில் மதிப்பிடுவார்கள்: 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். பெரியவர்களுக்கு இங்கேதான் சிக்கல். பட்டம் வாங்கியிருக்கிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார் என்பதைப் பார்த்துக் குறைவாகப் போட்டுவிட வாய்ப்பு உண்டு. அம்மாவையோ சிறு வயதிலிருந்து பார்த்த ஒருவரையோ கூட்டிப் போங்கள். பேச்சு எப்போது வந்தது, பள்ளியில் என்ன சொன்னார்கள், இன்றும் வீட்டில் எதற்கெல்லாம் உதவி வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, மருத்துவர் ரிப்போர்ட்டோடு வைத்துக் கொடுங்கள். அன்றைக்கு "நல்லா இருக்கேன் சார்" என்று சமாளிக்க வேண்டாம்.

அரசு வேலையில் ஒதுக்கீடு பெற, சான்றிதழில் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று இருக்க வேண்டும். 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து. மத்திய அரசு அறிவிப்புகளில் ஒவ்வொரு பதவிக்கும் எந்தக் குறைபாடு பொருந்தும் என்று போட்டிருப்பார்கள். அதில் ஏஎஸ்டி (ஆட்டிசத்தைக் குறிக்கும் சுருக்கம்) இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். மத்திய அரசுப் பணிகளில் வயது வரம்பில் 10 ஆண்டுத் தளர்வும், எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. கூடுதல் நேரத்தை விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டும். தேர்வு அறைக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது.

40-க்குக் கீழே வந்தால் ஒதுக்கீடு இல்லை. பாகுபாடு காட்டக் கூடாது என்ற பாதுகாப்பு அப்போதும் உண்டு.

வைகைக்கரை:

மூவருக்கும் நன்றி. நெரிசல் பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனாலே அன்றைய வேலைக்குத் தெம்பு இருக்காது. வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி செய்யலாமா?

பேரேடு:

விளம்பரத்தில் வரும் டேட்டா என்ட்ரியில் மோசடி நிறைய. வழக்கமாக நடப்பது இது: பதிவுக் கட்டணம் கேட்பார்கள், அல்லது இலவசம் என்று சொல்லி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். வேலையை முடித்துக் கொடுத்ததும் பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று அனுப்பிப் பணம் கேட்பார்கள். எழுதியதை அப்படியே நம்புபவர்கள் இதில் பயந்து கட்டிவிடுகிறார்கள். கட்டாதீர்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். வேலை தருபவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை.

நிஜமான வீட்டு வேலை வேண்டுமென்றால் உள்ளூர் கம்பெனியில் சேர்ந்து, வேலை பிடிபட்ட பிறகு வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து என்று கேளுங்கள். 2பி ஒப்பீட்டுக்குக் கோப்பும் இணையமும் இருந்தால் போதும். மற்ற நாட்களில் 9 மணிக்குப் பதிலாக 10:30-க்கு வந்து அதற்கேற்பத் தாமதமாகக் கிளம்பலாமா என்று கேட்டுப் பாருங்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்.