மறுமொழி: ‘கரும்’ என்னும் ரோமானிய மீன்சாற்றுக்குத் தமிழ்ப்பெயர்

அன்புடையீர், வணக்கம்.

ரோமானியர் தம் சமையலில் உப்புக்கு ஈடாகப் பயன்படுத்திய மீன்சாற்றின் பெயரைக் ‘கரும்’ என்றே ஒலிபெயர்த்துவிடலாம் என்று முந்தைய மடலில் நண்பர் எழுதியிருந்தார். கரும்பலகை, கரும்புள்ளி என்று பழகிய கண்ணுக்கு அது நிறத்தைச் சொல்லும் அடைமொழியாகவே படும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

மற்றொருவர் முன்வைத்த ‘மீன்தேறல்’ அழகான சொல். தெளிந்து வருவது தேறல் என்ற வகையில் வேர்ப்பொருளும் பொருந்துகிறது. ஆனால் ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்று புறநானூற்றின் 56ஆம் பாட்டு சொல்வது மதுவை. அரிக்கமேட்டில் மது வந்த ஜாடிகளின் ஓடுகளோடு ஸ்பெயினின் மீன்சாறு வந்த ஜாடிகளின் ஓடுகளும் இனங்காணப்பட்டிருக்கும்போது, ஒரே கப்பற்சரக்கின் இரு பண்டங்களுக்கும் தேறல் என்றே பெயரிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

செய்முறையிலிருந்து பெயரைத் தேடலாம். மீனின் குடலையும் சிறு மீன்களையும் உப்பிட்டு வெயிலில் மாதக்கணக்கில் வைப்பார்கள். நெருக்கமாகப் பின்னிய கூடையொன்றைத் தொட்டிக்குள் இறக்க, அதனுள் ஊறி வடிவதே சாறு, அடியில் தங்குவது ‘அல்லெக்’. சோற்றை வடித்து வடிகஞ்சி எடுப்பவர்கள் நாம். ஆகவே முன்னதை ‘மீன்வடிசாறு’ என்றும் பின்னதை ‘மீன்மண்டி’ என்றும் சொல்லலாம் என்பது என் கருத்து.

‘அழுகல்’ என்ற பொருள் தொனிக்கும் சொல் எதுவும் கூடாது. கெட்ட மீனின் விலையுயர்ந்த சீழ் என்று ரோமானியத் தத்துவஞானி செனெக்கா இகழ்ந்தார் என்பது உண்மையே. ஆனால் மிகுந்த உப்பு அழுகலைத் தடுக்க, மீன் குடலிலுள்ள நொதிகளே தசையைக் கரைக்கின்றன. இரண்டு கோங்கியஸ், அதாவது ஏறத்தாழ 6.5 லிட்டர், உயர்தரச் சாறு 1,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) விலை போனதாக ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதுகிறார். அழுகிய பொருளுக்கு யார் அவ்வளவு கொடுப்பார்கள்?

கிளைச்சொற்களும் எளிதில் அமைகின்றன: வினிகர் சேர்ந்தது காடிவடிசாறு, மது சேர்ந்தது தேறல்வடிசாறு, நீர் கலந்தது நீர்வடிசாறு. எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பெயியில் ஸ்காரஸ் என்னும் மீன்சாறு வணிகரின் வீட்டுத் தரைச்சித்திரத்தில் உள்ள ஜாடியொன்றில், கானாங்கெளுத்தி இனத்து மீனில் செய்த சாற்றின் ‘மலர்’ என்று பொறித்திருக்கிறது. மலர் என்றது முதல்தரத்தை. தேங்காயின் தலைப்பாலை அறிந்தவர்களுக்கு அதைத் ‘தலைவடி’ என்றால் விளக்கம் வேண்டியதில்லை. ரோமானியப் பேரரசர் டயோகிளீஷியன் கி.பி. 301இல் வெளியிட்ட விலையாணை இந்தச் சாற்றையே ‘லிக்குவாமென்’ என்ற பெயரில் முதல்தரம், இரண்டாம்தரம் என்று பிரிக்கிறது. அவற்றைத் தலைவடி, இரண்டாம்வடி எனலாம்.

ரோமானியர் ‘முரியா’ என்றதற்கு மட்டும் புதுச்சொல் தேவையில்லை; அது உப்புநீர்தான்.