தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை: இந்தக் கொரோனா காலத்தில் கிளம்பலாமா?

மஞ்சள்பை (12 ஜனவரி 2021)

எல்லோருக்கும் வணக்கம். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்து ஐந்து வருடம் மெட்ரிக் பள்ளி அனுபவம். 120 மணி நேர டெஃபல் (ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழும் டோயிக் ஆங்கிலத் திறன் தேர்வில் 885 மதிப்பெண்ணும் இருக்கின்றன. தாய்லாந்து ராட்சபுரியில் ஒரு தனியார் பள்ளிக்கு ஏஜெண்ட் மூலம் ஆஃபர் வந்திருக்கிறது. மாதம் 22,000 பாட், 10 மாத ஒப்பந்தம். பிப்ரவரி கடைசிக்குள் வரச் சொல்கிறார்கள். விமானச் செலவும் குவாரண்டைன் செலவும் என்னுடையது. இங்கே இப்போது பாதிச் சம்பளம்தான் தருகிறார்கள், அதனால் யோசிக்கிறேன். இப்போதே வேலையை விட்டுவிட்டுப் போகலாமா, காத்திருக்கலாமா? வியட்நாம், சீனா, கொரியா பக்கம் முயற்சி செய்வது மேலா? பேப்பர் வேலைகளை எந்த வரிசையில் தொடங்க வேண்டும்?

கிழக்குவாசல் (12 ஜனவரி 2021)

மற்ற நாடுகளை முதலில் ஒதுக்கிவிடலாம். இந்தியாவிலிருந்து வரும் வெளிநாட்டவரைச் சீனா நவம்பரிலிருந்து உள்ளே விடுவதில்லை. வியட்நாம் மார்ச் 2020-ல் மூடிய கதவை இன்னும் திறக்கவில்லை. சிறப்பு அனுமதி வாங்கித் தரும் பள்ளிகள் மிகக் குறைவு. கொரியாவில் ஆங்கில ஆசிரியருக்கான ஈ-2 விசா அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கானது. இந்தியருக்கு சீபா எனும் இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தப்படி அரசுப் பள்ளிக்கு ஒரு சிறு வழி உண்டு, ஆனால் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். ஆக உங்களுக்குத் திறந்திருப்பது தாய்லாந்து மட்டும்.

ஆனால் பிப்ரவரியில் போகாதீர்கள். காலண்டரை எடுத்து வைத்துக் கணக்குப் பாருங்கள். தாய்லாந்தில் பள்ளி ஆண்டு வழக்கமாக மே நடுவில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. பிப்ரவரி கடைசியில் இறங்கினால் 14 நாள் குவாரண்டைன் முடிந்து வெளியே வர மார்ச் நடு ஆகிவிடும். அதற்குள் பருவம் முடியும் கட்டம் வந்துவிடும். 10 மாத ஒப்பந்தத்தில் மார்ச், ஏப்ரல் விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. மே கடைசியில்தான் முதல் சம்பளத்தைக் கண்ணால் பார்ப்பீர்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் விசா. வேலைக்கான நான்-இமிக்ரண்ட் பி விசாவில் இறங்கிய நாளிலிருந்து 90 நாள் தருவார்கள். அந்த 90 நாளுக்குள் பள்ளி உங்களுக்கு ஒர்க் பர்மிட் எடுத்து, விசாவை ஒரு வருடத்துக்கு நீட்டிக்க வேண்டும். பிப்ரவரி கடைசியில் போனால் மே கடைசியில் அந்த நாட்கள் தீர்ந்துவிடும். நடுவில் விடுமுறை, ஏப்ரல் 13 முதல் சோங்க்ரான் எனும் தாய் புத்தாண்டு. பள்ளி அலுவலகத்தில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. ஏப்ரல் 20 வாக்கில் இறங்கினால் மே முதல் வாரத்தில் வெளியே வந்துவிடலாம். பள்ளி திறக்கும்போது கையில் 60 நாளாவது மிச்சம் இருக்கும். ஏஜெண்ட் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவருக்கு உங்களைவிடத் தன் கமிஷன் அவசரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ராட்சபுரி இப்போது சிவப்பு மண்டலம். 28 மாகாணங்களில் ஜனவரி முழுக்கப் பள்ளிகளை மூடியிருக்கிறார்கள், அதில் இதுவும் ஒன்று. இந்த ஜனவரியில் ஆசிரியர்களுக்கு எவ்வளவு சம்பளம் போட்டீர்கள் என்று பள்ளியையே கேளுங்கள், ஏஜெண்டைக் கேட்காதீர்கள். மே மாதம் மறுபடி மூடினால் என்ன செய்வார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. பள்ளி மூடினாலும் முழுச் சம்பளம் என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப் பேச்சை நம்பிக் கிளம்பாதீர்கள்.

ஆவணப்பெட்டி (13 ஜனவரி 2021)

பேப்பர் வரிசையைச் சொல்கிறேன். நீண்ட காலம் பிடிப்பது பட்டச் சான்றிதழ் அட்டெஸ்டேஷன் (உண்மையானது என்று அரசு அலுவலகங்கள் சான்று தருவது), அதனால் அதை இந்த வாரமே தொடங்குங்கள். ஒரே முத்திரையில் வெளிநாட்டு ஆவணத்தை ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் தாய்லாந்து இல்லை. யாராவது அப்போஸ்டில் ஸ்டிக்கர் போதும் என்றால் கேட்காதீர்கள். மாநில உயர்கல்வித் துறை, பிறகு வெளியுறவு அமைச்சகம், அதற்கும் பிறகு சென்னையில் உள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகம் என்று மூன்று படி ஏற வேண்டும். பட்டத்தோடு மதிப்பெண் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள், குருசபா எனும் தாய்லாந்து ஆசிரியர் மன்றத்தில் ஆசிரியர் அனுமதிக்கு இரண்டையும் கேட்பார்கள்.

அடுத்து போலீஸ் கிளியரன்ஸ். பாஸ்போர்ட் சேவா மையத்தில் 500 ரூபாய். பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியில் இப்போது நீங்கள் இல்லை என்றால் மறுபடி போலீஸ் விசாரணை வரும், அதற்கு நாள் ஒதுக்குங்கள். ஆனால் ரொம்ப முன்கூட்டியும் எடுக்க வேண்டாம், பழைய தேதியைத் திருப்பி அனுப்புவார்கள். பிப்ரவரி கடைசி சரி.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டுவது பெயரில். பட்டச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் இருக்கும், இல்லையேல் அந்தக் கட்டமே காலியாக இருக்கும். தாய்லாந்து அதிகாரிக்கு இனிஷியல் என்ற பழக்கமே தெரியாது. இருவரும் ஒருவரே என்று ஒரு நோட்டரி பிரமாணப் பத்திரம் எடுத்து, அதையும் அட்டெஸ்ட் செய்துவிடுங்கள். ஆர்டி-பிசிஆர் எடுக்கும்போதும் இதே தொல்லைதான். லேபில் ஆதாரைப் பார்த்துப் பெயரை அடித்துவிடுவார்கள். சாம்பிள் எடுக்கும் முன்பே பாஸ்போர்ட்டைக் கொடுத்து, அதில் உள்ளபடி பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி மூன்றும் ரிப்போர்ட்டில் வர வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள், விமானம் ஏறும் முன் 72 மணி நேரத்துக்குள் எடுத்த டெஸ்ட்தான் செல்லும், அப்புறம் இன்னொன்று எடுக்க நேரம் இருக்காது.

விசா கிடைத்த பிறகு சிஓஇ எனும் நுழைவுச் சான்றுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் பாஸ்போர்ட், விசா, இன்ஷூரன்ஸ் பதிவேற்றினால் முன் அனுமதி வரும். அது வந்து 15 நாளுக்குள் விமான டிக்கெட்டையும் ஏஎஸ்கியூ (அரசு அங்கீகரித்த குவாரண்டைன்) ஹோட்டல் முன்பதிவையும் ஏற்ற வேண்டும். முன் அனுமதிக்கு முன்னால் டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். வழக்கமான சர்வதேச விமானங்கள் இன்னும் ஓடவில்லை. சிறப்பு விமானம் ரத்தானால் ஹோட்டல் தேதி, சிஓஇ தேதி எல்லாம் சேர்ந்து மாறும். தேதி மாற்ற அனுமதிக்கும் ஹோட்டலாகப் பாருங்கள்.

அலைவரிசை (13 ஜனவரி 2021)

இன்ஷூரன்ஸ் பற்றி. 1,00,000 டாலர் கோவிட் சிகிச்சைக் காப்பீடு கட்டாயம். பாலிசியில் கோவிட்-19 என்ற சொல்லும் தொகையும் அச்சில் இருக்க வேண்டும். "அனைத்து நோய்களும்" என்று பொதுவாக எழுதியிருந்தால் ஏற்க மாட்டார்கள். தங்கும் காலம் முழுவதற்கும் இருக்க வேண்டும், 30 நாள் பாலிசி போதாது.

குவாரண்டைனில் பாசிட்டிவ் வந்தால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்கு மாற்றிவிடுவார்கள். "மருத்துவத் தேவை இருந்தால் மட்டும்" என்று எழுதிய பாலிசி அங்கே கைவிரித்துவிடும். அறிகுறியற்ற நிலையில் உள்நோயாளிச் செலவு தருவீர்களா என்று கம்பெனியிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

மஞ்சள்பை (14 ஜனவரி 2021)

மிக்க நன்றி. ஜனவரிச் சம்பளம் பற்றிப் பள்ளிக்கு எழுதிவிட்டேன். கையில் எவ்வளவு பணம் இருந்தால் தைரியமாகக் கிளம்பலாம்? வேலை எப்போது விடலாம்?

கிழக்குவாசல் (14 ஜனவரி 2021)

ஒரு பாட் இப்போது ஏறக்குறைய 2.40 ரூபாய். உங்கள் சம்பளம் ஏறக்குறைய 53,000 ரூபாய். மலிவான ஏஎஸ்கியூ ஹோட்டலே 30,000 பாட் வாக்கில் ஆகும், அதாவது ஒன்றே கால் மாதச் சம்பளத்துக்கு மேல் அந்த ஒரு அறைக்கே போய்விடும். அறை வாடகை மாதம் 4,000 முதல் 6,000 பாட் என்றால், இரண்டு மாத டெபாசிட், ஒரு மாத முன்பணம். ஒர்க் பர்மிட் 3,100, விசா நீட்டிப்பு 1,900, இவற்றை யார் கட்டுவது என்று கேட்டு வையுங்கள். இதெல்லாம் போக, திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணம் தொடாமல் தனியாக இருக்க வேண்டும். மூன்றரை லட்சத்துக்குக் குறைவாக வைத்துக்கொண்டு, அதுவும் வட்டிக்கு வாங்கிப் போகாதீர்கள். கடனோடு போனவருக்கு மோசமான பள்ளியை விட்டு வெளியேறும் சுதந்திரம் இருக்காது.

ராஜினாமா சிஓஇ முன் அனுமதி வந்த பிறகுதான். ஆஃபர் லெட்டரைப் பார்த்தோ விசா ஸ்டிக்கரைப் பார்த்தோ விட்டுவிடாதீர்கள். அங்கே போன பின் அவசரத்துக்கு ஊர் வர நேர்ந்தால் 1,000 பாட் கட்டி ரீ-என்ட்ரி பர்மிட் எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். இல்லையேல் விசா அங்கேயே செத்துவிடும்.

சுண்ணக்கட்டி (16 ஜனவரி 2021)

வகுப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 40, 50 பிள்ளைகள், எல்லோர் முகத்திலும் மாஸ்க். தாய் மொழியில் சொல்லின் கடைசி மெய்யை வெடிக்க விடுவதில்லை, 'ஸ்', 'ஃப்' போன்ற ஒலிகள் கடைசியில் வருவதே இல்லை. அதனால் லைக், லைஃப், லைஸ் மூன்றும் பிள்ளைகள் வாயில் கிட்டத்தட்ட 'லாய்' ஆகிவிடும். நாம் அதற்கு நேர் எதிர், கடைசியில் ஒரு உகரத்தை ஒட்டி 'பஸ்ஸு' என்போம். டெமோ வகுப்பில் இதைத்தான் முதலில் கவனிப்பார்கள். மாஸ்க்குக்குள் உதடும் பல்லும் தெரியாது. 'ஃப்' ஒலிக்குக் கீழுதட்டில் பல் படுவதை உங்கள் வாயை மட்டும் நெருக்கமாகக் காட்டி, ஒலிக்கு ஐந்து விநாடி என்று ஃபோனில் பதிவு செய்து, இப்போதே ஒரு தொகுப்பு சேர்த்து வையுங்கள். பள்ளி மூடினால் அதுவே ஆன்லைன் பாடமாகவும் உதவும்.

மே வரை சும்மா இருக்க வேண்டாம். பிரெப்ளி எனும் ஆன்லைன் டியூஷன் தளத்தில் மாலை நேரம் வகுப்பு எடுக்கலாம். சோதனை வகுப்புக் கட்டணம் முழுக்க அவர்களுக்கு, பிறகு 33 சதவீதக் கமிஷன், மணி நேரம் கூடக் கூட 18 வரை இறங்கும். தாய் மாணவர்கள் இரண்டு பேர் கிடைத்தாலே அந்த உச்சரிப்பு காதுக்குப் பழகிவிடும்.

ஆவணப்பெட்டி (27 ஏப்ரல் 2021)

இந்த இழையைப் பார்த்துக் கிளம்ப இருப்பவர்களுக்கு: மே 1 முதல் இந்தியாவிலிருந்து வரும் வெளிநாட்டவருக்குக் கொடுத்த சிஓஇ எல்லாம் ரத்து என்று தாய்லாந்துத் தூதரகம் அறிவித்திருக்கிறது. மறு அறிவிப்பு வரை நிறுத்தம். ஹோட்டலுக்கும் விமான நிறுவனத்துக்கும் இன்றே எழுதி, பணத்தைத் திரும்பக் கேளுங்கள் அல்லது தேதி குறிக்காத கிரெடிட்டாக மாற்றுங்கள். பள்ளியிடம் அடுத்த பருவத்துக்கு, நவம்பருக்கு, இடம் வைத்திருப்பார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். விசா ஸ்டிக்கரில் "இந்தத் தேதிக்குள் நுழைய வேண்டும்" என்று இருக்கும் நாள் தாண்டினால் விசாவைப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். அட்டெஸ்ட் செய்த பட்டச் சான்றிதழ் வீணாகாது, போலீஸ் கிளியரன்ஸ் மட்டும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். ராஜினாமாக் கடிதம் கொடுத்தவர்கள், நோட்டீஸ் காலம் முடியவில்லை என்றால் இன்றே போய்த் திரும்பப் பெறுங்கள்.